ஓசை ஒத்தால் உறவாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மொழிக் கட்டுரையைப் படித்தேன். ஆங்கில ‘ஒன்’ நம் ‘ஒன்று’தான் என்று தொடங்கி, ‘மூல இந்தோ-ஐரோப்பியம் என்று ஒரு மொழியே கிடையாது, கல்வெட்டு இல்லை, ஏடு இல்லை, மேலைநாட்டார் உட்கார்ந்த இடத்தில் கட்டிய கதை’ என்று முடிகிறது. சமஸ்கிருதம், பாரசீகம், ஆர்மீனியம், கிரேக்கம், லத்தீன், ஆங்கிலம் முதலியவற்றுக்கெல்லாம் தாய் என்று ஆய்வாளர்கள் ஒப்பிட்டு மீட்டெடுத்த மொழிதான் இந்த மூல இந்தோ-ஐரோப்பியம். முதல் பாதி ஆசையில் எழுதியது, சரி, போகட்டும். இரண்டாம் பாதியை அப்படி விட முடியவில்லை.

அந்த ‘ஒன்’னையே எடுத்துக்கொள்வோம். இன்று ‘வன்’ என்று ஒலிக்கும் அந்தச் சொல்லில் ‘வ’ வந்து ஒட்டி ஏறத்தாழ 500 ஆண்டுதான் ஆகிறது. பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்’. அதிலிருந்தே பிறந்த ‘ஒன்லி’, ‘அலோன்’ இரண்டிலும் இன்றுவரை அந்த ‘வ’ இல்லை. அதைக் கழித்துவிட்டால் ஒப்பிட மிஞ்சுவது ஓர் உயிரும் ஒரு னகரமும். இந்த அளவு ஒற்றுமை எந்த இரண்டு மொழிக்கு நடுவிலும் தற்செயலாகவே அமையும். பாரசீகத்தில் ‘பத்’ என்றால் கெட்டது. ஆங்கிலத்தில் ‘பேட்’ என்றாலும் கெட்டதே. இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள்கூட. ஆனாலும் இந்த இரு சொற்களுக்கும் தொடர்பு கிடையாது.

மறுபக்கம், காதுக்கு ஒட்டவே ஒட்டாதவை உறவாக இருக்கின்றன. ஆர்மீனிய மொழியில் இரண்டு என்பது ‘எர்கு’. சமஸ்கிருதத்தின் ‘த்வா’வுக்கு அது நேர் உடன்பிறப்பு என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் மற்ற மொழிகள் ‘த்வ்’ என்று தொடங்குவதாகக் காட்டும் இடத்தில் ஆர்மீனியம் ‘எர்க்’ என்கிறது. ‘நெடிய’ என்ற சொல்லிலும் ‘அஞ்சு’ என்ற வினையிலும் அதே மாற்றம். ஆய்வாளர்கள் தேடுவது காதுக்கு இனிக்கும் ஒற்றுமையை அல்ல, இப்படித் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கை.

அப்புறம், ‘கட்டிய கதை’. ஜெனீவாவைச் சேர்ந்த ஃபெர்டினான்ட் த சொசூர், ஜெர்மனியின் லைப்சிக்கில் மாணவராக இருந்தபோது, 1878 இறுதியில் ஒரு நூல் வெளியிட்டார். வயது 21. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மொழிகளின் நெடில்களில் சில எந்தக் கணக்கிலும் அடங்காமல் நின்றன. அவற்றின் பக்கத்தில் முன்பு வேறு ஒலிகள் இருந்து மறைந்துபோயின என்று வைத்துக்கொண்டால் எல்லாம் ஒழுங்குக்கு வருகிறது என்றார் அவர். அப்போது தெரிந்திருந்த எந்த மொழியிலும் அந்த ஒலிகள் இல்லை. பெரியவர்கள் பலர் கண்டுகொள்ளவில்லை.

1906இல் துருக்கியில் போகஸ்கோய் என்ற ஊரில் நடந்த அகழாய்வில் களிமண் பலகைகள் குவியலாகக் கிடைத்தன. அவற்றின் மொழியான ஹிட்டைட், இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று 1915இல் செக் அறிஞர் பெட்ரிச் ஹ்ரோஸ்னி காட்டினார். போலந்து அறிஞர் குரிலோவிச் 1927இல் கவனித்தது இது: சொசூர் ஓர் ஒலி மறைந்திருக்க வேண்டும் என்ற இடங்கள் பலவற்றில் ஹிட்டைட்டில் தொண்டையிலிருந்து வரும் ஒரு ‘ஹ’ எழுதியிருக்கிறது! ஆற்றில் அஸ்தி கரைக்கிறோமே, அந்த ‘அஸ்தி’க்குக் கிரேக்க இணை ‘ஆஸ்டியோன்’. இரண்டுக்கும் எலும்பு என்றே பொருள். ஹிட்டைட்டில் அது ‘ஹஸ்தாய்’. சொசூர் இதைப் பார்க்கவில்லை, 1913இலேயே இறந்துவிட்டார். அவர் ஊகித்த எல்லாமே கிடைத்துவிடவில்லை என்பதும் உண்மை. சில ஒலிகள் ஹிட்டைட்டிலும் மறைந்துவிட்டன. கிடைத்ததைச் சரியாக எப்படி உச்சரித்தார்கள் என்பதில் இன்னும் சண்டைதான். அதனால்தான் மீட்டெடுத்த சொல்லுக்கு முன்னால் உடுக்குறி (*) போடுகிறார்கள். ‘நேரடிச் சான்று இல்லை, கணக்குப் போட்டு வந்தது’ என்று அவர்களே ஒப்புக்கொள்ளும் குறி அது.

கல்வெட்டு இல்லை என்பதற்காக இதைத் தள்ளினால், தமிழ், கன்னடம், தெலுங்குக்கெல்லாம் தாயான மூலத் திராவிடத்தையும் சேர்த்தே தள்ள வேண்டும். அதற்கு மட்டும் என்ன கல்வெட்டு இருக்கிறது? இம்மொழிகள் தனிக் குடும்பம் என்று எல்லிஸ் 1816இலும் கால்டுவெல் 1856இலும் நிறுவியதை மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோம். நிறுவிய வழி இதே வழிதான். நம் ‘செவி’ கன்னடத்தில் ‘கிவி’. ‘செய்’ பழங்கன்னடத்தில் ‘கெய்’. ‘சிறு’ அங்கே ‘கிரு’. அசோகர் கல்வெட்டு சேரரைக் ‘கேரளபுத்ர’ என்கிறது. ஆக, இகர எகரங்களுக்கு முன்னால் நின்ற ககரம் தமிழில் சகரமாகிவிட்டது. அப்படியானால் கிளி, கேள், கெடு, கீழ், கிணறு எல்லாம் ஏன் மாறவில்லை? அடுத்து வரும் மெய்யைப் பாருங்கள்: ள், ட், ழ், ண். நாக்கை வளைத்துச் சொல்லும் எழுத்து பின்னால் இருந்தால் மாற்றம் நிகழவில்லை. விலக்குக்கே ஒரு விதி! கீரை, கீறு போல முரண்டு பிடிப்பவையும் உண்டு, மறைக்கவில்லை.

இதே மாற்றம் சமஸ்கிருதத்திலும் நடந்தது. ‘மற்றும்’ என்று பொருள்படும் அதன் ‘ச’வுக்கு லத்தீன் இணை ‘க்வே’. ககரத்தைச் சகரமாக்கிய எகரம், பிறகு தானே அகரமாகித் தடயத்தை அழித்துவிட்டது. 1870களில்தான் இதைப் பிடித்தார்கள்.

அடுத்த இதழில் ‘எட்டு – எய்ட்’ வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். அச்சுக்கு அனுப்பும் முன் கட்டுரையாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலில் இன்னும் கிடக்கும் அந்த ‘ஜிஎச்’ ஒரு காலத்தில் ஒலித்தது. ஜெர்மனில் ‘அஹ்ட்’, லத்தீனில் ‘ஆக்டோ’ என்று அதன் தடம் தெரிகிறது. ‘எட்டு’வில் அதற்கு ஈடாக என்ன இருக்கிறது? நம் எண்பதிலும் எண்ணூற்றிலும் கன்னட ‘எண்டு’விலும் நிற்கும் ணகரம், ‘எய்ட்’டில் எங்கே போயிற்று?

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்