கிணற்றை மூட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்

காங்கேயம்

அன்புள்ள சிநேகிதிக்கு,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலந்தானே? மகளின் பேறுகாலத்துக்கென்று போலந்துக்குப் போனவள், ஐந்து மாதம் கழித்துப் போன வாரம்தான் ஊர் வந்து சேர்ந்தேன். பேரனுக்குக் கழுத்து நின்றுவிட்டது, குப்புற விழ ஆரம்பித்திருக்கிறான். அவனை விட்டு வந்ததுதான் மனசுக்கு ஆகவில்லை. போனில் கூப்பிடலாம் என்று எடுத்தேன். ஆனால் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. போனில் பேசினால் பாதியில் நீ குக்கர் சத்தம் கேட்கிறது என்று வைத்துவிடுவாய். அதனால் கடிதமே எழுதுகிறேன், நிதானமாக உட்கார்ந்து படி.

மகள் இருப்பது கிராக்கோவ் என்ற ஊர். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால், "ஐந்து மாசமாக அடுப்படியைத் தவிர எதையும் பார்க்கலையே அம்மா" என்று சொல்லி, குழந்தையை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு ஒரு நாள் சுற்றுலாவுக்குக் கூட்டிப்போனாள். பக்கத்தில் வியலிச்கா என்று ஓர் ஊர், அங்கே பூமிக்கடியில் உப்புச் சுரங்கம். உப்பைப் பார்க்க இவ்வளவு தூரமா என்றுதான் முதலில் நினைத்தேன். நமக்கு உப்பென்றால் தூத்துக்குடிப் பாத்தியும் வேதாரண்யமும்தான். கடலும் வெயிலும் இல்லாமல் ஏது உப்பு?

நுழைந்ததும் மரப்படி. 380 படி, கிணற்றுக்குள் இறங்குவது போலச் சுற்றிச் சுற்றிக் கீழேயே போகிறது. என் முழங்காலை நினைத்து மகள் தயங்கினாள். சென்னிமலையில் 1320 படி ஏறி இறங்கின கால் இது, ஒன்றும் ஆகாது என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அப்புறம் சுரங்கத்துக்குள்ளேயே நடந்து நடந்து, படிகளில் இறங்கி, 135 மீட்டர் ஆழம் வரைக்கும் போனோம். நம் கணக்கில் 440 அடி சொச்சம். சுரங்கம் இன்னும் கீழே 327 மீட்டர் வரைக்கும் போகிறதாம், அங்கே சுற்றுலாக்காரர்களை விடுவதில்லை. உள்ளே வழிகளின் நீளம் மட்டும் 200 கிலோமீட்டருக்கு மேல். நாம் பார்ப்பது அதில் மூன்று மூன்றரை கிலோமீட்டர்தான்.

உப்பு அங்கே வெள்ளையே இல்லை, புள்ள. சுவர், தரை, கூரை எல்லாம் கரும்பச்சை கலந்த சாம்பல் நிறம். நம்ம காட்டுப் பாறை மாதிரியே இருக்கிறது. சுரங்கத்தைச் சுற்றிக் காட்டக் கூட்டிப்போன பெண், வேண்டுமானால் நக்கிப் பாருங்கள் என்றாள். எனக்கு வாய் வைக்க மனசு வரவில்லை. விரலை ஈரமாக்கிச் சுவரில் தேய்த்து நாக்கில் வைத்தேன். சுருக்கென்று ஏறியது, நல்ல கெட்டியான உப்பு. சில இடத்தில் மட்டும் ஈரம் கசிந்து காய்ந்து, சுவரில் காலிஃபிளவர் பூத்தது போல வெள்ளை வெள்ளையாய்த் திரண்டிருக்கிறது. ஒரு கோடியே முப்பது லட்சம் வருஷத்துக்கு முன்னால் அங்கேயும் கடல் இருந்ததாம். அது வற்றி, மேலே மண் மூடி, உப்பு கல்லாய்ப் போய்விட்டது. நாட்டு மருந்துக் கடையில் இந்துப்பு வாங்குகிறோமே, அதுவும் இப்படி மலையில் வெட்டி எடுக்கிற உப்புதான். ஐம்பது வருஷமாய்க் கஷாயத்தில் போடுகிறேன், அது எப்படி வருகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அந்த உப்பு அந்த ஊருக்கு எப்படி வந்தது என்று ஒரு கதை சொன்னாள். உனக்குப் பிடிக்கும். ஹங்கேரி ராஜாவின் மகள் கிங்கா, 13ஆம் நூற்றாண்டு. போலந்து இளவரசனுக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். சீராக என்ன வேண்டும் என்று அப்பா கேட்க, "நான் போகிற நாட்டில் உப்பு இல்லை, உப்பு கொடுங்கள்" என்கிறாள். அவர் ஓர் உப்புச் சுரங்கத்தையே எழுதிக்கொடுக்கிறார். அவள் தன் மோதிரத்தைக் கழற்றி அந்தச் சுரங்கத்துக்குள் போட்டுவிட்டுப் புகுந்த வீட்டுக்குப் போகிறாள். அங்கே போய் ஓர் இடத்தைக் காட்டித் தோண்டச் சொன்னால், முதலில் வந்த உப்புக் கட்டியை உடைத்ததும் உள்ளே அதே மோதிரம். சுரங்கத்துக்குள் அந்தக் காட்சியையே உப்பில் சிலையாய் வடித்து வைத்திருக்கிறார்கள். ஒருவன் மண்டியிட்டு அந்தக் கட்டியை நீட்டுகிறான்.

எனக்கு நம்ம உப்புச் சக்கரைதான் ஞாபகம் வந்தது. உப்பும் சக்கரையும் மாற்றினால்தானே நம் பக்கம் சம்பந்தம் உறுதி? புது வீட்டுக்குள் முதலில் போவதும் உப்புத்தானே? மகளை விட்டு அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லச் சொன்னேன். அவள் நின்று முழுக்கக் கேட்டாள். உங்கள் ஊரில் இளவரசி இல்லாமலே எல்லாப் பெண்ணுக்கும் உப்பு உண்டா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அப்புறம் குதிரைகள். பெரிய மரச் செக்கு மாதிரி ஓர் இயந்திரம் இருக்கிறது. குதிரைகள் அதைச் சுற்றிச் சுற்றி இழுக்க, வடத்தில் உப்புப் பாறை மேலே ஏறும். கீழே இறக்கின குதிரை வருஷக்கணக்காக அங்கேயே கிடக்கும். கடைசிக் குதிரை 2002இல்தான் மேலே வந்ததாம். எங்கள் அப்பா மாடு கட்டிக் கவலை ஓட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைத்ததை நீயும் பார்த்திருக்கிறாய். அந்த மாடுகளுக்கும் பாடு பெரிதுதான். ஆனால் உச்சி வெயில் ஏறினதும் அவிழ்த்துவிட்டால் வேப்பமரத்தடியில் படுத்து அசைபோடும். ஆகாசத்தையே பார்க்காத குதிரையை நினைத்தால் எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

இனிமேல்தான் உன்னிடம் சொல்ல வந்தது. ஓர் இடத்தில் சில உருவங்கள் செய்து வைத்திருக்கிறார்கள். ஈரத் துணியைப் போர்த்திக்கொண்டு, நீளக் கம்பின் நுனியில் தீப்பந்தத்தோடு, தரையில் ஊர்ந்து போகிற ஆட்கள். சுரங்கத்துக்குள் ஒரு வாயு சேர்ந்துகொள்ளும், மீத்தேன் என்கிறார்கள். அது மொத்தமாய்ச் சேர்ந்தால் வெடித்துவிடும். அதனால் மற்றவர்கள் இறங்குவதற்கு முன்னால் இவர்கள் போய், கூரையை ஒட்டி நிற்கிற வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாய் எரித்துவிட்டு வருவார்களாம். வாயு மேலேதான் நிற்கும் என்பதால் தரையோடு தரையாய் ஊர்வது. திரும்பி வராதவர்களும் உண்டு.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது உங்கப்பாதான் கண்ணுக்குள் வந்தார். எங்கள் தோட்டத்துக் கிணற்றை அவர் வெட்டினபோது நமக்கு எட்டு ஒன்பது வயசு இருக்குமா? பாறைக்கு மருந்து வைத்து வெடித்துவிட்டால் நம்மை எல்லாம் களத்துப் பக்கம் விரட்டிவிடுவார். புகை அடங்கினதும் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்குவார். குப்புறப் படுத்துக் கிணற்று மேட்டிலிருந்து தலையை நீட்டி, விளக்கு அணைகிறதா எரிகிறதா என்று பார்ப்பார். அணைந்தால் அன்றைக்கு யாரும் இறங்கக்கூடாது. எரிந்தாலும் முதலில் இறங்குவது அவர்தான், வேறு யாரையும் விடமாட்டார். மேலே நின்று உன் அம்மா மண் கூடையைத் தலையில் வைத்தபடியே அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பார். கீழேயிருந்து "சரி, வா" என்று ஒரு சத்தம் வரும். அப்புறம்தான் உன் அம்மா கூடையைக் கொட்டப் போவார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

போகிற வழியெல்லாம் கூரை விழாமல் மரத்தால் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வெளிச்சம் பரவட்டும் என்று சில இடத்தில் சுண்ணாம்பு பூசி வெள்ளையாக்கி வைத்திருந்தார்கள். இரும்பை விட மரத்தைத்தான் நம்புவார்களாம், ஏனென்றால் மரம் ஒடிவதற்கு முன்னால் முனகும், ஆட்கள் ஓடித் தப்பிக்க நேரம் கிடைக்கும். உங்கப்பா இருந்தால் இதைக் கேட்டுத் தலையாட்டியிருப்பார்.

பூமிக்கடியில் 101 மீட்டரில் ஒரு கோயில் இருக்கிறது, கிங்கா பேரில். தேவாலயம்தான், ஆனால் எனக்குக் கோயில் என்றே சொல்ல வருகிறது. மேலே ஒரு மாடத்தில் நின்று எட்டிப் பார்த்தால் கீழே ஒரு மண்டபம்: 54 மீட்டர் நீளம், நம்ம ஊர்க் கல்யாண மண்டபத்தை விடப் பெரிது. தரை முழுக்கப் பளிங்குத் தளம் போட்டது போல மினுங்குகிறது. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். தனித்தனிக் கல்லாய்ப் பதித்தது இல்லை. ஒரே உப்புப் பாறையில் கோடு போட்டு, கட்டம் கட்டமாகச் செதுக்கி, கல் பதித்த மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். பீடம், சாமி சிலைகள், சுவரில் ஏசு சீடர்களோடு விருந்து உண்கிற காட்சி, எல்லாமே உப்பு. அந்த விருந்துக் காட்சியில் மேசை விரிப்பின் மடிப்பு கூடத் தெரிகிறது. கூரையிலிருந்து தொங்குகிற சரவிளக்குகளில் கண்ணாடி மாதிரி மின்னுவதும் உப்புப் பளிங்குதான். உப்பைக் கரைத்துச் சுத்தம் செய்து மறுபடி உறைய வைத்துச் செய்தது.

இதைச் செய்தவர்கள் யார் தெரியுமா? அங்கே உப்பு வெட்டின ஆட்கள். யூசெஃப் மார்கோவ்ஸ்கி என்பவர் 1896இல் ஆரம்பித்திருக்கிறார், அப்புறம் அவர் தம்பி தொமாஷ், அவருக்குப் பிறகு அந்தோனி விரோடெக். மூன்று பேருமே சுரங்கத் தொழிலாளிகள், சிற்பம் படித்தவர்கள் இல்லை. ஏறக்குறைய எழுபது வருஷ வேலை. பகல் முழுக்கக் கூலிக்கு எந்தப் பாறையை வெட்டினார்களோ, அதே பாறையில் சாமிக்கு இடம் பண்ணியிருக்கிறார்கள். இறங்கினால் ஏறுவோமா என்று தெரியாத இடத்தில் கும்பிட ஓர் இடம் வேண்டும் என்று அவர்களுக்கு இருந்திருக்கிறது. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை அங்கே பூசை நடக்கிறது. உப்பு வெட்டுவதை 1996இல் நிறுத்திவிட்டார்கள், யுனெஸ்கோ 1978லேயே உலகப் பாரம்பரியச் சின்னமாய் எடுத்துக்கொண்டது, வருகிறவர்கள் எல்லாம் ராஜாக்களைப் பற்றியும் கேட்கிறார்கள். ஆனால் கூட்டிப்போன பெண் அந்த மூன்று தொழிலாளிகளின் பேரை, சொந்த மாமன் பேரைச் சொல்வது போல வாய் நிறையச் சொன்னாள். அதைத்தான் நான் கேட்டுக்கொண்டே நின்றேன்.

ஓர் உப்பு ஏரியும் பார்த்தோம், லிட்டருக்கு முந்நூறு கிராமுக்கு மேல் உப்பாம், அதற்கு மேல் கரையாது. மேலே வருவதற்கு லிஃப்ட். ஆட்களைப் பச்சை மிளகாய் மூட்டை போல நெருக்கி ஏற்றி, இருட்டில் விர்ரென்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. கண்ணை மூடித் திறப்பதற்குள் வெளியே வெயில்.

இப்போது ஊர் சமாச்சாரம். நான் வந்து இறங்கின அன்று எங்கள் கிணற்றோரம் இரண்டு டிராக்டர் லோடு கட்டட இடிபாடு கொட்டிக் கிடந்தது. பையன் கிணற்றை மூடி, மேலே சமன் பண்ணித் தேங்காய் உலர்த்தக் களம் போடப் பார்த்திருக்கிறான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. ஆயிரம் அடி போர் போட்ட பிறகு கிணற்றில் தண்ணீர் கண்டு பத்து வருஷம் ஆகிவிட்டது. சுவரில் அரச மரம் முளைத்துக் கிடக்கிறது. பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் எட்டிப் பார்க்கிறார்கள், விழுந்துவிட்டால் என்ன பதில் சொல்வது என்று அவன் பயப்படுவதும் நியாயம்தான்.

மறுநாள் காலையில் நான் போய்ப் படி இருக்கிற வரைக்கும் இறங்கிப் பார்த்தேன். இத்தனை வருஷம் தண்ணீர் மோந்திருக்கிறேன், பாசி வழுக்கும் என்று காலைப் பார்த்தே இறங்கியிருக்கிறேன், சுவரைப் பார்த்ததில்லை. கிழக்குச் சுவரில் பாறையில் மருந்துக் குழி போட்ட தடம் அப்படியே இருக்கிறது, விரல் நுழைகிற அகலத்தில், நூல் பிடித்த மாதிரி நேராக. பக்கத்திலேயே சின்னதாய் ஒரு மாடம், அரிக்கேன் விளக்கு வைக்கிற அளவுக்கு. அதன் மேல்பக்கம் இன்னும் கரி படிந்திருக்கிறது. உள்ளே கையை வைத்துப் பார்த்தேன். உளியால் வழவழப்பாக்கி, ஓரத்தில் சுற்றிலும் ஒரு கோடு இழுத்துவிட்டிருக்கிறார் உங்கப்பா. எண்பதடிக் கிணற்றுக்குள், யாரும் பார்க்கப் போகாத இடத்தில், விளக்கு வைக்கிற ஒரு பொந்துக்கு எதற்கு அந்தக் கோடு?

மேலே வந்து பையனிடம் மூட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சத்தம் போடவில்லை, மாடத்தைக் காட்டினேன். அவனே இறங்கிப் பார்த்துவிட்டு வந்தான். இப்போது சுற்றிலும் கைப்பிடிச் சுவர் எழுப்பிக் கம்பி வலை போட்டுவிடலாம், மழைக்கு ஓடைத் தண்ணீரை வடிகட்டி உள்ளே திருப்பலாம், களத்தை வடக்கே தள்ளிப் போட்டுக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். இடிபாட்டை அள்ள ஆளும் சொல்லியாயிற்று.

சுவர் எழுப்பும்போது ஒரு கல் பதித்து உங்கப்பா பேரை வெட்டச் சொல்லப்போகிறேன், உன் அம்மா பேரையும் சேர்த்து. தை பிறந்ததும் கல் தச்சர் வருகிறேன் என்றிருக்கிறார். அதற்குள் நீ இரண்டு நாள் வந்து தங்குகிற மாதிரி வா. கோபியிலிருந்து பஸ்ஸில் வருவதென்றால் முன்கூட்டியே சொல், பையனை அனுப்புகிறேன். மாடத்தை நீயும் பார்க்க வேண்டும். உனக்கென்று அந்தச் சுரங்கத்து உப்பில் ஒரு சின்னக் கட்டி வாங்கி வந்திருக்கிறேன். ஈரம் படாமல் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்திருக்கிறேன்.

கல்லில் வெட்ட உங்கப்பா பேரை எப்படி எழுதட்டும்? ரேஷன் கார்டில் இருந்த பேரா, ஊரே கூப்பிட்ட பேரா? உடனே பதில் போடு.

உன் பழைய சிநேகிதி