கோரிக்கை மனு: குறையைச் சொல்லும் மருத்துவமனைப் பணியாளர்களுக்குப் பாதுகாப்பு வேண்டி

அனுப்புநர்
அரசு மருத்துவமனைச் செவிலியர்கள் மற்றும் ஆய்வக நுட்புநர்கள்
(பெயர், கையொப்பம் தனி உறையில்)

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்பநலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை - 9.

பொருள்: நோயாளிகளின் பாதுகாப்புக் குறைகளைத் தெரிவிக்கும் பணியாளர்களைப் பழிவாங்கலிலிருந்து காக்க அரசாணை வேண்டுதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஆட்டோகிளேவ் என்னும் நீராவிக் கிருமிநீக்க இயந்திரத்திலிருந்து வரும், கருவிகளும் துணிகளும் அடங்கிய டிரம்மின் மேல் ஒட்டிய டேப்பில் கோடுகள் நன்றாகக் கறுத்திருந்தால்தான் அது நீராவிச் சூட்டில் இருந்து வந்திருக்கிறது என்று நாங்கள் பிரிப்போம். எங்கள் பிரசவ வார்டுக்கு வந்த டிரம்களில் கோடு வெளிர் பழுப்போடு நின்றுபோயிருந்தது. இரவுப் பணியிலிருந்த தொகுப்பூதியச் செவிலியர் அதை ரிப்போர்ட் புக்கில் எழுதினார். இயந்திரத்தைப் பார்க்க ஆள் வருவதற்கு முன்பே அவருக்கு மெமோ வந்துவிட்டது. அப்புறம் மாவட்டத்தின் இன்னொரு மூலைக்கு மாற்றுப்பணி. கைக்குழந்தை வைத்திருப்பவர் அவர். இப்போது அந்தப் புத்தகத்தில் தினமும் 'எல்லாம் சரி' என்றுதான் எழுதப்படுகிறது.

நிரந்தரப் பணியாளர் என்றால் அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதி 17(ஆ)-இன் கீழ் குற்றச்சாட்டாவது கொடுக்க வேண்டும். விளக்கம் சொல்ல வாய்ப்பு கிடைக்கும். தொகுப்பூதியக்காரருக்கு அதுவும் இல்லை, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டால் போதும்.

நோயாளியின் உறவினர் எங்களை அடித்தால் 2008-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி 3 முதல் 10 ஆண்டு வரை சிறை. மேலதிகாரி பழிவாங்கினால் எந்தச் சட்டத்தைக் காட்டுவது? முறைகேட்டை அம்பலப்படுத்துவோருக்கான மத்தியச் சட்டம் 2014-இல் நிறைவேறியும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வந்தாலும் அது பேசுவது அரசு ஊழியர்களின் ஊழலையும் அதிகார துஷ்பிரயோகத்தையும் குற்றச்செயலையும்தான். பழுதான ஆட்டோகிளேவ் அதற்குள் அடங்காது. தனியார் மருத்துவமனை ஊழியர்களும் அதில் இல்லை. இங்கிலாந்தில் உடல்நலத்துக்கு ஆபத்து என்று சொல்பவரையும் காக்கும் சட்டம் 1998-இலேயே வந்துவிட்டது.

2018 டிசம்பரில் சாத்தூரில் கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது தாங்கள் அறிந்ததே. ரத்தம் கொடுத்த இளைஞர், வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் விவரம் தெரிந்து, தாமாக வந்து சொன்ன பிறகுதான் அது வெளிப்பட்டது. 2020 ஏப்ரலில் ஆந்திரத்தின் நர்சிப்பட்டினத்தில், என்95 முகக்கவசம் இல்லை என்று வெளியே சொன்ன அரசு மருத்துவர் சுதாகர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். இதையெல்லாம் பார்த்த பிறகு யார் வாய் திறப்பார்கள்?

ஆகவே, பாதுகாப்புக் குறையை எழுத்தில் தெரிவித்தவரை ஓராண்டுக்குள் இடமாற்றம் செய்தாலோ, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தாலோ, அது பழிவாங்கல் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு அதிகாரியைச் சேரும்படி அரசாணை வேண்டும். தொகுப்பூதிய, அவுட்சோர்சிங் ஊழியர்களை அதில் விட்டுவிடக் கூடாது. புகாரை வாங்கும் இடம் அதே மருத்துவமனைக்குள் இருந்தால் பயனில்லை. மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் ஒரு குழு இருக்கட்டும். தனியார் மருத்துவமனைகளுக்கு இதைப் பதிவு உரிமத்தின் நிபந்தனையாக்கலாம்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறோம். வழக்கம்போல இந்த மனுவையும் 'உரிய நடவடிக்கைக்காக' எங்கள் மருத்துவமனைக்கே அனுப்பிவிட வேண்டாம், ஐயா. கையொப்பம் உள்ள உறை தங்கள் அலுவலகத்திலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்