மானிய நிலத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

பள்ளிப் பாடநூல்கள் எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் ஒரு பள்ளியின் பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். தலைப்பு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. மேடையேறிய பிள்ளைகள் ‘இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்’ என்று தொடங்கி, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் முடித்தார்கள். சட்டசபை ஒரே மூச்சில் கடந்துபோயிற்று.

முதலில் அந்தப் பட்டத்தைக் கழற்றிவிடலாம். ஆனந்திபாய் ஜோஷியும் காதம்பினி கங்குலியும் மருத்துவம் படித்துத் தேறிய 1886ஆம் ஆண்டில்தான் முத்துலட்சுமி புதுக்கோட்டையில் பிறந்தார். இரவல் நகை போட்டுப் பார்க்கும் அளவுக்கு அவருக்கு என்ன குறை? சென்னை மாகாணச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர் அவர். 1927இல் அவையின் துணைத்தலைவராகவும் ஆனார்.

அங்கே அவர் செய்ததில் ஒன்றையாவது விரித்து எழுதுங்கள். கோயிலுக்கென்று பொட்டுக்கட்டி நேர்ந்துவிடப்பட்ட பெண்களான தேவதாசிகள் அனுபவித்துவந்த மானிய நிலம், கோயில் ஊழியத்தோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது. ஊழியம் நின்றால் நிலம் போய்விடும். மகளுக்குப் பொட்டுக்கட்ட வேண்டாம் என்று ஒரு தாய் நினைத்தாலும், உலையில் போட அரிசிக்கு எங்கே போவாள்? முத்துலட்சுமியின் தாய் சந்திரம்மாள் அந்த மரபில் வந்தவர். அதனால்தானோ என்னவோ, மகள் உபதேசத்தை விட்டுவிட்டு நிலத்தில் கைவைத்தார். 1929இல் அறநிலையச் சட்டத்தில் அவர் முயற்சியால் வந்த திருத்தம், ஊழியம் செய்யாமலேயே நிலத்தை வைத்துக்கொள்ள அந்தப் பெண்களுக்கு வழி செய்தது.

எதிர்ப்பையும் மறைக்க வேண்டாம். பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசிகளே அவரை எதிர்த்தார்கள். கலையும் சொத்தும் கைவிட்டுப் போகும் என்ற அவர்களுடைய அச்சத்தை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரோ அதே மரபிலிருந்து வந்து, பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழித்தே தீர வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். இருவரையும் ஒரே பக்கத்தில் வையுங்கள். வகுப்பில் கொஞ்சம் சண்டை நடக்கட்டும்.

1930இல் முத்துலட்சுமி, பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு காந்தியைக் கைதுசெய்தார்கள். அதைக் கண்டித்து முத்துலட்சுமி சட்டசபைப் பதவியை உதறிவிட்டு வெளியேறினார். மசோதா சட்டமானது 1947இல். 17 ஆண்டுகள்! அதற்குள், விடுதிகள் சேர்க்க மறுத்த தேவதாசிக் குடும்பத்துச் சிறுமிகள் அவர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்காகத்தான் 1931இல் ஔவை இல்லம் தொடங்கினார்.

பாடத்தின் முடிவில் ‘முத்துலட்சுமி பிறந்த ஆண்டு எது?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ‘1929இல் நீ சட்டசபையில் இருந்திருந்தால் அந்த நிலத்தை யாருக்குக் கொடுத்திருப்பாய், ஏன்?’ என்று கேளுங்கள். ஐந்து மதிப்பெண் போடலாம்.

இப்படிக்கு,
பரிசுக் கோப்பையைத் தயக்கத்தோடு எடுத்துக் கொடுத்த ஒரு நடுவர்