நான்கு மைக் என்று விற்ற ஒயர்லெஸ் செட்: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
உரிமையாளர்,
மைக் செட் மற்றும் சவுண்ட் சர்வீஸ்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: நான்கு மைக் ஒயர்லெஸ் செட் – நான்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யாதது – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். பங்குனிக் கடைசியில் உங்கள் நிறுவனத்தின் நான்கு மைக் ஒயர்லெஸ் செட் ஒன்றை 28,500 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு ரிசீவர், இடுப்பில் மாட்டும் டிரான்ஸ்மிட்டர் நான்கு, ஹெட்செட் மைக் நான்கு. பில் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் கஸ்டமர் கேருக்கு மூன்று முறை போன் செய்தும் வழி பிறக்காததால் இந்தக் கடிதம்.

நான் இந்தத் தொழிலுக்குப் புதியவன் இல்லை. புனல் ஸ்பீக்கரைப் புளியமரத்தில் ஏற்றிக் கட்டிய காலத்திலிருந்து 22 வருடமாக மைக் செட் வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் போவேன். ஆனால் பங்குனி பிறந்து வைகாசி முடியும்வரை எங்கள் பக்கம் சோறு போடுவது திரௌபதி அம்மன் கோவில்களின் பாரதக் கூத்துதான். பதினெட்டு நாள் விழா என்றால் பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து நடக்கும். கூத்துக்காரர்கள் ஓரிடத்தில் நிற்கிறவர்கள் இல்லை. கிறுகிறுவென்று சுற்றி ஆடுவார்கள், ஜனத்துக்குள் ஓடுவார்கள். தொங்க விட்ட மைக்குக்கு நேராக வந்து நின்று பாடுங்கள் என்று அவர்களைக் கேட்பது பாவம். அதற்காகத்தான் ஒயர்லெஸ்.

உங்கள் பெட்டியின் மேல் மூன்று வாக்கியங்கள் பெரிதாக அச்சிட்டிருக்கிறது. நான்கு மைக்கையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம். 80 மீட்டர் வரை எடுக்கும். எந்த செட்டிங்கும் தேவையில்லை, போட்டதும் பேசலாம். என் புகார் இந்த மூன்றில் முதலாவதையும் கடைசியையும் பற்றியது. 80 மீட்டர் சங்கதியை விட்டுவிடுகிறேன். பெட்டியில் போடுகிற மீட்டரை எந்த மைக் செட்காரனும் நம்புவதில்லை.

நடந்தது இதுதான். சித்திரையில் பக்கத்து ஊர் விழாவில் அர்ச்சுனன் தபசு. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள் என்பதால் சொல்கிறேன். களத்தின் நடுவே ஐம்பது அடிக்கு மரம் நட்டு, படிபோலக் கட்டை அடித்திருப்பார்கள். அர்ச்சுனன் வேஷம் கட்டியவர் காவி உடுத்தி, விபூதி பூசி, ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியில் உட்கார்ந்து வில்வத்தையும் எலுமிச்சம்பழத்தையும் வீசுவார். பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் ஈரச்சேலையோடு கீழே மடியேந்தி நிற்பார்கள். ஊர் முழுக்க அண்ணாந்து பார்க்கிற நேரம் அது. ஒயர் மைக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு மரம் ஏற முடியுமா? உங்கள் செட்டை வாங்கியதே முக்கியமாக இந்த ஒரு பொழுதை நினைத்துத்தான்.

என் பக்க வேலையில் குறை வைக்கவில்லை. ரிசீவரை இரும்புப் பெட்டிக்குள் வைக்காமல், ஆள் உயரத்துக்கு மேல் ஸ்டாண்டில் ஏற்றி, ஆன்டெனாக்களை ‘வி’ மாதிரி விரித்து, மரம் நேராகத் தெரியும்படி வைத்தேன். ரிசீவருக்கும் மரத்துக்கும் நடுவில் ஆள் நிற்காமல் கயிறு கட்டினேன். மனித உடம்பு முழுக்கத் தண்ணீர், அது சிக்னலைக் குடித்துவிடும் என்பது எங்களுக்கும் தெரியும். அதனால் டிரான்ஸ்மிட்டரின் ஆன்டெனா வேர்வை உடம்பில் ஒட்டாதபடி வேட்டி மடிப்புக்கு வெளியே தொங்கவிட்டேன். நான்குக்கும் புது ஆல்கலைன் பேட்டரி. காலையில் ஆளில்லாத களத்தில் ஒவ்வொரு மைக்காக நடந்து பார்த்தேன், தெளிவாக இருந்தது.

ஏ மைக் அர்ச்சுனனுக்கு. பி கூத்தை நடத்துகிற வாத்தியாருக்கு. சி கோமாளியாக வரும் கட்டியங்காரனுக்கு. டி வேடன் வேஷத்துக்கு. அர்ச்சுனன் பத்துப் படி ஏறும்வரை குறையில்லை. பிறகு பாட்டுக்கு நடுவே ‘கர்ர்’ என்று ஒரு சத்தம். இன்னும் நாலு படி ஏறினதும் பாட்டு போய், தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி வேறு குரல். உற்றுக் கேட்டால் கட்டியங்காரன், மரத்தடியில் வாத்தியார் பக்கத்தில் நின்றுகொண்டு, ‘டீ சொல்லியாச்சா’ என்று யாரையோ கேட்கிறார். அந்த நேரத்தில் மிக்ஸரில் பி, சி இரண்டையும் நான் முழுக்க இறக்கி வைத்திருந்தேன். ஏ மட்டும்தான் திறந்திருந்தது. அப்படியானால் கட்டியங்காரனின் டீ அர்ச்சுனனின் மைக் வழியாகத்தான் ஊருக்குக் கேட்டது. கீழே மடியேந்தி நின்ற ஒரு அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

அர்ச்சுனன் வேஷக்காரர் அறுபதை நெருங்கியவர். மைக் போனது தெரிந்ததும் ஹெட்செட்டைக் கழுத்துக்குத் தள்ளிவிட்டு வெறும் தொண்டையில் மீதிப் படிகளையும் பாடி முடித்தார். ‘எங்க அப்பன் காலத்துல மைக்கா இருந்துச்சு, உடு தம்பி’ என்று இறங்கி வந்து எனக்கே ஆறுதல் சொன்னார். விழாக் குழுவினர் அப்படிப் பெருந்தன்மையாக இருக்கவில்லை. பேசிய 18,000-இல் 6,000 பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

மறுநாள் உங்கள் கஸ்டமர் கேர். முதல் போனில் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். இரண்டாவதில் மிக்ஸரைப் பழி சொன்னார்கள். மூன்றாவதில் பேசிய தம்பி கொஞ்சம் விஷயம் தெரிந்தவர் போல. ‘உங்க ஏரியாவுல டவர் ஜாஸ்தி சார், நாங்க என்ன பண்றது’ என்றார். ஃப்ரீக்வென்சியை, அதாவது மைக் பேசுகிற அலைவரிசை எண்ணை, மாற்றிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். கம்பெனி வைத்ததை மாற்றினால் வாரண்டி கிடையாது என்றார்.

இந்த ஒரு பதிலுக்காகத்தான் செட்டை ஷெட்டில் வைத்து இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். கண்டதை உங்கள் டெக்னீஷியனிடம் காட்டுங்கள்.

நீங்கள் வைத்து அனுப்பியிருக்கும் ஃப்ரீக்வென்சிகள்: ஏ 742, பி 745, சி 748, டி 751 மெகாஹெர்ட்ஸ். மூன்று மூன்றாகச் சம இடைவெளி. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்தால், அந்த இரண்டும் கலந்து புதிதாகச் சில அலைகள் பிறக்கும். ஒன்றை இரண்டால் பெருக்கி மற்றதைக் கழித்தால் அது எங்கே விழும் என்று தெரிந்துவிடும். பி-யை இரட்டித்தால் 1490, சி-யைக் கழித்தால் 742. அது அர்ச்சுனனின் மைக். ஏ, பி சேர்ந்தால் சி-யின் தலையில் விழும். பி, சி சேர்ந்தால் ஏ மேலும் டி மேலும் விழும். இடைவெளி சமமாக இருக்கிறவரை இது விடாது. மரத்தடியில் வாத்தியாரும் கட்டியங்காரனும் தோளோடு தோள் நின்றார்கள், ரிசீவருக்கும் பக்கம். அர்ச்சுனன் ஏற ஏற அவர் சிக்னல் தேய்ந்தது, இவர்கள் பெற்ற பிள்ளை அவர் இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

நம்பிக்கை இல்லை என்றால் நீங்களே செய்து பார்க்கலாம். சி டிரான்ஸ்மிட்டரை அணைத்து, பேட்டரியையும் கழற்றி வையுங்கள். ஏ, பி இரண்டையும் ஆன் செய்து ஒரு சாண் இடைவெளியில் வைத்துக்கொண்டு ரிசீவர் முன் நில்லுங்கள். சி-யின் ஐந்து சிக்னல் விளக்கில் மூன்று எரியும். பேட்டரியே இல்லாத மைக்குக்கு! இரண்டையும் தூரத் தள்ளினால் விளக்குகள் ஒவ்வொன்றாக இறங்கும். இதை வீடியோ எடுத்திருக்கிறேன்.

இரண்டாவது விஷயம் உங்கள் தம்பி சொன்ன டவர். இந்தியாவில் செல்போனுக்கான 700 பேண்ட் என்கிற அலைவரிசைப் பாதை, போனிலிருந்து டவருக்கு 703 முதல் 748 மெகாஹெர்ட்ஸ் வரை, டவரிலிருந்து போனுக்கு 758 முதல் 803 வரை. 2022 ஆகஸ்டில் முடிந்த ஏலத்தில் இந்த பேண்டில் ஒரு பகுதி 5ஜி-க்காக விற்றும் போயிற்று. உங்கள் செட்டின் வீச்சு 740 முதல் 790 வரை. அதாவது செல்போனுக்குக் கொடுத்த பாதையில் மாட்டு வண்டி ஓட்டச் சொல்லி எனக்கு விற்றிருக்கிறீர்கள். காலையில் ஆளில்லாத களத்தில் நன்றாக இருந்த ஏ, பி இரண்டும் சாயங்காலம் ஜனம் கூடி வீடியோவுக்கு போனைத் தூக்கியதும் மைக் பேசாதபோதே விளக்குத் துடித்ததற்கு எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. எல்லாப் போனும் அந்த பேண்டில் பேசாது, சரி. ஆன்டெனாவுக்குப் பத்தடியில் ஒன்று பேசினாலே போதும்.

டவர் உள்ள ஊரில் இது எடுக்காது என்று உங்களுக்கு முன்பே தெரியும் என்பதைத்தான் அந்தத் தம்பியின் பதில் காட்டுகிறது. அப்படியானால் அதைப் பெட்டியில் போட வேண்டும். டவர் இல்லாத ஊர் தருமபுரி மாவட்டத்தில் எத்தனை மிச்சம் என்று தேடிப் போய் நான் ஒலிபெருக்கி கட்ட முடியாது.

வாரண்டி போனாலும் போகட்டும் என்று கடைசியில் ஒரு காரியம் செய்தேன். கிருஷ்ணகிரியில் ஒரு தொழில் நண்பர் விலை கூடிய செட் ஒன்று வைத்திருக்கிறார். அதன் புத்தகத்தில் ஒன்றோடொன்று மோதாத ஃப்ரீக்வென்சிகளைக் குழு குழுவாக அட்டவணை போட்டிருக்கிறார்கள். இடைவெளிகள் எதுவும் சமமாக இல்லை. அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு 749, 750.2, 753.4 என்று மூன்று வைத்து, டிரான்ஸ்மிட்டரை ரிசீவரின் இன்ஃப்ராரெட் கண்ணுக்கு எதிரே காட்டி சிங்க் செய்தேன், அதாவது இரண்டையும் ஒரே எண்ணுக்குப் பொருத்தினேன். மூன்றும் ஒரே நேரத்தில் சுத்தமாகப் பேசுகின்றன. போனின் இரண்டு பாதைகளுக்கும் நடுவே 748 முதல் 758 வரை உள்ள அந்தச் சந்தில் நான்காவதற்கு நிம்மதியான இடம் எனக்குக் கிடைக்கவில்லை. நான்கு மைக்குக்குப் பணம் வாங்கிக்கொண்டு மூன்று கொடுத்திருக்கிறீர்கள், அந்த மூன்றையும் நான்தான் உட்கார்ந்து சரி செய்திருக்கிறேன். இந்த மூன்று எண்களை வைத்து ஒரு கல்யாண வீட்டுக்கு வேண்டுமானால் தைரியமாகப் போவேன். இன்னொரு தபசு மரத்துக்குக் கொண்டுபோக மாட்டேன்.

ஒன்று சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஹெட்செட் மைக்கின் தரத்தில் குறை இல்லை. குரல் கனமாக, மூச்சுச் சத்தம் இல்லாமல் வருகிறது. டிரான்ஸ்மிட்டரின் கிளிப்பும் ஆட்டத்துக்குத் தாங்கியது. பொருளைச் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான். எண் போட்டு அனுப்பியவர் ஒரு பென்சிலை எடுத்துக் கணக்குப் பார்க்கவில்லை.

ஆகவே நான் கேட்பது: செட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு 28,500 ரூபாயைத் தர வேண்டும். விழாவில் பிடித்த 6,000 ரூபாயை ஈடுகட்ட வேண்டும். ஒயர்லெஸ் கருவிக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வகை ஒப்புதல் தேவை; அந்த எண் பெட்டியிலும் இல்லை, செட்டின் அடியிலும் இல்லை. அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இதே செட்டை வேறு யாருக்காவது விற்பதாக இருந்தால், மோதாத எண்களின் அட்டவணையோடு தமிழில் இரண்டு பக்கமாவது குறிப்பு வையுங்கள். இப்போது இருப்பது சீனமும் ஆங்கிலமும். அதிலும் ஃப்ரீக்வென்சி மாற்றுவதற்கு மூன்றே வரி.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவன் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. எனக்கு தருமபுரி பஸ் சார்ஜ் மட்டும்தான் செலவு.

செட்டை நீங்கள் அனுப்பிய அதே அட்டைப் பெட்டியில், அதே பஞ்சில் வைத்துக் கட்டியிருக்கிறேன். ஏ டிரான்ஸ்மிட்டரின் மூடியில் விபூதி படிந்திருக்கும். துடைக்கவில்லை, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், பெட்டியின் படம், வீடியோ. வீடியோவில் ‘அப்பா, பேட்டரியே இல்லப்பா’ என்று கேட்கும் குரல் என் மகனுடையது. பத்தாவது படிக்கிறான்.