டோங்கா மருத்துவமனைகளுக்குத் திட்டம் வரையும் பாயான் லெப்பாஸ் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

தம்பி தங்கைகளுக்கு வணக்கம்.

பசிபிக் கடலில் உள்ள தீவு நாடான டோங்காவின் மருத்துவமனைகளில் கணினி வலையமைப்பைச் சீர்படுத்த நீங்கள் எழுதிய வரைவைப் படித்தேன். தொழிற்சாலை வேலை முடித்து, இரவில் கண்விழித்துச் செய்கிறீர்கள். பினாங்குப் பிள்ளைகள் இப்படி ஒரு காரியத்தில் இறங்கியதே எனக்குப் பெருமை. அதனால்தான் வெளிப்படையாகச் சொல்கிறேன்: அடித்தளத்தை மாற்றுங்கள். நோயாளிப் பதிவு, மருந்தகம், ஆய்வுக்கூடம் எல்லாவற்றையும் வெளிநாட்டு கிளவுடில், அதாவது இணையம் வழியாக மட்டும் எட்டக்கூடிய வெளிநாட்டு சர்வர்களில், வைக்கச் சொல்கிறீர்கள். லைன், அதாவது இணைய இணைப்பு, எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுந்த திட்டம் அது.

அந்த நாட்டில் லைன் போன கதை உங்களுக்கும் தெரியும். பிஜியிலிருந்து வரும் கடலடிக் கேபிள் 2019 ஜனவரியில் அறுந்தது. அதைச் சரிசெய்ய ஏறக்குறைய இரண்டு வாரம் பிடித்தது. 2022 ஜனவரி 15-ல் எரிமலை வெடித்தபோது ஐந்து வாரத்துக்கு மேல். வவாவு, ஹாப்பாய் தீவுகளுக்குப் போகும் உள்நாட்டுக் கேபிளுக்கோ ஒன்றரை ஆண்டு. சரி, இப்போது செயற்கைக்கோள் இணைப்பு இருக்கிறதே என்பீர்கள். அதையும் வையுங்கள், இரண்டாவது வழியாக. சாம்பல் கொட்டிய நாளில் கூரை மேல் இருக்கும் டிஷ்ஷை நம்பி ஒரு மருந்தகத்தை ஓட்ட முடியாது.

நீங்களும் தீவுக்காரர்கள்தான். ஆனால் நமக்கு இரண்டு பாலங்கள் இருக்கின்றன. கணினிகளை இணைக்கும் சுவிட்ச் பெட்டி ஒன்று எரிந்துபோனால் கோலாலம்பூரிலிருந்து அன்றைக்கே லாரியில் வந்துவிடும். ஹாப்பாய்க்குக் கப்பலோ விமானமோ போக வேண்டும், அதுவும் கடலும் காற்றும் விட்டால். அதனால் தலைநகரில் உள்ள வாயோலா, அப்புறம் வவாவு, ஹாப்பாய், எவுவா என ஒவ்வொரு மருத்துவமனையும் தன் காலில் நிற்க வேண்டும். நோயாளியின் ஒவ்வாமை, நேற்றைய மருந்து, இரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு சர்வரில் இருக்கட்டும். லைன் வரும்போது வாயோலாவோடு ஒத்திசையட்டும். நோயாளியை வேறு மருத்துவமனைக்கு அனுப்பும் மாற்றுக் கடிதமும் பரிசோதனை முடிவும் முதலில் போகட்டும். அவை சின்னக் கோப்புகள். சிடி ஸ்கேன் படங்கள் கனமானவை. அவசரமில்லாதவை வரிசையில் நின்று இரவில் போனால் போதும். மாற்று சுவிட்சும் பவர் சப்ளையும் அங்கேயே அலமாரியில் இருக்கட்டும். உப்புக் காற்றில் கேபிள் முனைகள் பச்சை பூத்துப்போகும். அதைக் கழற்றி மாட்டத் தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவர் ஒவ்வொரு தீவிலும் வேண்டும். அவர்களுக்கான பயிற்சிக்கு நீங்கள் ஒதுக்கிய தொகை மிகக் குறைவு. என்னைக் கேட்டால், சர்வர் வாங்குவதைக் குறைத்தாவது அதைக் கூட்டுவேன்.

2025 ஜூனில் டோங்கா சுகாதார அமைச்சின் கணினி அமைப்பு ரேன்சம்வேர் தாக்குதலில் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தாக்குதல்) முடங்கியதை வரைவில் ஒரே வரியில் தாண்டியிருக்கிறீர்கள். அதற்குத் தனி அத்தியாயம் வேண்டும். பழைய விண்டோஸில் ஓடும் எக்ஸ்ரே இயந்திரத்தையும் பதிவு மேசைக் கணினியையும் ஒரே வலையில் விடாதீர்கள். காப்புப் பிரதிகளில் ஒன்றையாவது வலையிலிருந்து கழற்றி வையுங்கள். அதிலிருந்து உண்மையிலேயே மீட்க முடிகிறதா என்று அடிக்கடி செய்து பாருங்கள். ஒவ்வொரு வார்டிலும் அச்சடித்த தாள் படிவம் இருக்கட்டும்.

இன்னொன்று. நான் இங்கே மருத்துவமனைகளில் கேபிள் இழுத்துப் பழகியவன். ஒரு வார்டில் நெட்வொர்க் அடிக்கடி விழுகிறது என்று கூப்பிட்டார்கள். மின்சாரம் போனாலும் சுவிட்ச் ஓட வைத்த பேட்டரிப் பெட்டியில், அதான் யுபிஎஸ்ஸில், யாரோ தண்ணீர் கெட்டிலைச் செருகியிருந்தார்கள். மேசையருகே வேறு பிளக் பாயிண்டே கிடையாது. தாதியைக் குறை சொல்லி என்ன பயன்? பாயிண்ட் வைக்காமல் விட்டது வரைபடம் போட்டவர்கள். "தம்பி, மருந்து கொடுக்கிற நேரம், சீக்கிரம் பாருப்பா" என்றார் அந்த மிஸ்ஸி. வலது கையில் மருந்துத் தட்டு, இடது கையில் நோயாளியின் பெயரைப் பேனாவால் எழுதிக்கொண்ட கையுறை.

எனவே டோங்கா போய் இறங்கியதும் சர்வர் அறைக்கு முன்னால் வார்டுக்குப் போங்கள். இரவுப் பணியில் இருக்கும் தாதியர் பக்கத்தில் நில்லுங்கள். கணினி நின்றால் அவர்கள் எதைத் தேடுகிறார்கள், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதை வைத்து மருந்தகப் பகுதியைத் திருத்தி எனக்கு அனுப்புங்கள். சனிக்கிழமைகளில் பட்டர்வொர்த்தில் வீட்டில்தான் இருப்பேன். வந்தால் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்ப்போம்.

அன்புடன்,
பட்டர்வொர்த்திலிருந்து உங்கள் அண்ணன்