நாங்கள் விரும்பி அங்கே போகவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் வாடகை வீடு தேடி ஜனங்கள் படும் பாட்டைப் பற்றிப் போன வாரம் நாலு பக்கம் எழுதியிருந்தீர்கள். பேச்சிலர் பையன்கள், அசைவம் சாப்பிடுகிறவர்கள், நாய் வளர்க்கிறவர்கள் என்று எல்லோரிடமும் பேசியிருந்த நிருபர் எங்களுக்கு ஒரு வரி கொடுத்திருந்தார். திருநங்கைகள் தங்களுக்குள் ஒரே பகுதியில் கூடி வாழ்வதையே விரும்புகிறார்களாம். அந்த வரியை மூன்று தடவை படித்தேன். அன்றைக்கு ராத்திரி முடித்துத் தர வேண்டிய இரண்டு பிளவுஸ் அப்படியே கிடந்தது, கை ஓடவில்லை.

யாரைக் கேட்டு எழுதினார் ஐயா? நான் சென்னைக்கு வந்து இருபது வருடம் ஆகப் போகிறது, இதுவரை 11 வீடு மாறியிருக்கிறேன், அதில் ஒரு வீட்டையும் நானாகக் காலி செய்யவில்லை.

அம்பத்தூர் வீட்டைச் சொல்கிறேன். மூன்று வருடம் இருந்தேன். மாதம் ஐந்தாம் தேதி வாடகை போய்விடும், ஒரு தடவைகூடத் தவறியதில்லை. வீட்டுக்கார அம்மா மகள் கல்யாணத்துக்கு ஆரி வேலை வைத்து ஆறு பிளவுஸ் நான்தான் தைத்தேன், நூலுக்கும் மணிக்கும் மட்டும் காசு வாங்கினேன். அப்புறம் மாடிக்குப் புதிதாக ஒரு குடும்பம் குடிவந்தது. பதினைந்து நாள்கூட ஆகியிருக்காது, ஒரு சாயங்காலம் அந்த அம்மா வந்து வாசற்படியிலேயே நின்றார். எப்போதும் உள்ளே வந்து மெஷின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்கிறவர். வெள்ளையடிக்க நாலாயிரம் பிடித்துக்கொண்டு மீதி அட்வான்ஸை எண்ணி, என் கையில் தராமல் கட்டிங் டேபிள் மேல் வைத்தார். "நீ தங்கமான பொண்ணுதான்மா, மத்தவங்க ஒரு மாதிரி பேசுறாங்க" என்றார். அப்போது அவர் போட்டிருந்தது நான் தைத்த பிளவுஸ்தான், மாம்பழக் கலர், முதுகில் நாடா வைத்து குஞ்சம் கட்டியது. அந்தக் குஞ்சத்தைப் பார்த்துக்கொண்டே சரிம்மா என்று சொல்லி அனுப்பினேன்.

மோட்டார் வைத்த தையல் மெஷினை ஆட்டோவில் ஏற்றி எங்கே போவது? ஒரு வாரத்தில் 23 வீடு பார்த்தேன். போனில் பேசும்போது ஒரு பதில், நேரில் என் முகத்தையும் குரலையும் சேர்த்துப் பார்த்ததும் இன்னொரு பதில். டு-லெட் போர்டு கேட்டில் ஆடிக்கொண்டிருக்கும்போதே "இப்பதான்மா ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்தாரு" என்பார்கள். கடை கடையாகக் காசு கேட்கப் போகிறவள் என்றால் வீடு கிடையாது, அதுவாவது புரிகிறது என்று வைத்துக்கொள்வோம். தையல்காரி என்றாலும், கஸ்டமர் என்று யார் யாரோ வந்து போவார்களே என்று இழுக்கிறார்கள்.

கடைசியில் எங்கே போனேன்? உங்கள் நிருபர் சொன்ன அதே தெருவுக்குத்தான். அங்கே ஒரே ஒரு வீட்டுக்காரர் எங்களுக்கு வாடகைக்கு விடுவார். மற்றவர்களுக்கு 5,500 என்றால் எங்களுக்கு 8,000. அந்தக் காசு தனியாளால் முடியாது, அதனால் மூன்று பேர் சேர்ந்து ஒரு அறை எடுக்கிறோம். இதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரரும் அதே வாடகைக்கு விடத் துணிகிறார். பத்து வருடத்தில் அது திருநங்கைகள் தெரு ஆகிவிடுகிறது. பெற்ற வீட்டில் துரத்தியபோது என்னைச் சேர்த்துக்கொண்டு சோறு போட்டவர் ஜமாத்தில், அதாவது திருநங்கைகள் நாங்கள் சேர்ந்து அமைத்துக்கொள்ளும் குடும்பத்தில், என் அம்மா. அவர் காலைத் தொட்டுக் கும்பிடுவேன். ஆனால் அவர் பாயில் இடம் கொடுத்ததால் எனக்குத் தனி வீடு ஆசை இல்லை என்று ஆகிவிடுமா?

வீடு போனால் கூரை மட்டும் போவதில்லை. எழுத்தில் வாடகை ஒப்பந்தம் தர எந்த வீட்டுக்காரரும் சம்மதிப்பதில்லை. ஒப்பந்தம் இல்லாவிட்டால் முகவரி மாற்றுவது பெரும்பாடு, முகவரி மாறாவிட்டால் ரேஷன் கார்டு இல்லை. அரசு வீட்டுக்கு மனு கொடுக்கப் போனால் முதலில் கேட்பது ரேஷன் கார்டு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எங்களை 22,364 பேர் என்று எண்ணினார்கள். அதில் நான் இல்லை. அந்தப் பிப்ரவரியில் வியாசர்பாடியில் ஒரு தோழி வீட்டு மாடிப்படியில் மூட்டையோடு இருந்தேன், படிக்கட்டுக்கு வந்து யாரும் கணக்கெடுக்கவில்லை.

2008-ல் தமிழ்நாட்டில் எங்களுக்கென்று நலவாரியம் வந்தது, இந்தியாவுக்கே முன்னோடி என்றோம். நானும் கைதட்டினேன், இன்றைக்கும் அந்த நன்றி எனக்கு உண்டு. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் எங்களை மூன்றாம் பாலினமாக அங்கீகரித்த தீர்ப்பை உங்கள் பத்திரிகையில்தான் முழுதாகப் படித்தேன். எங்கள் உரிமைகளைப் பாதுகாக்க வந்த 2019 சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. அதன் 3-வது பிரிவில், வீடு வாங்குவதிலும் வாடகைக்கு எடுப்பதிலும் எங்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்று எழுதியே இருக்கிறது. குடியிருக்கும் இடத்தை விட்டு எங்களைக் கட்டாயமாகத் துரத்தினால் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை ஜெயில் என்று 18-வது பிரிவு சொல்கிறது. வீடு தர மறுக்கிறவருக்கு என்ன என்று தேடினேன், தண்டனைப் பட்டியலில் அது இல்லை. வக்கீல் தோழி ஒருத்தியும் படித்துப் பார்த்துவிட்டு அதையே சொன்னாள். நாலு பக்கக் கட்டுரையில் இதற்கு நாலு வரி இடம் கிடைக்கவில்லையா?

2017-ல் கொச்சி மெட்ரோவில் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுத்தார்கள், நாடே பாராட்டியது. சேர்ந்தவர்களில் பலர் சில நாளிலேயே நின்றுவிட்டார்கள். தங்க வீடு கிடைக்காமல் லாட்ஜில் இருந்து வேலைக்குப் போனால் சம்பளம் லாட்ஜுக்கே சரியாகிவிடுகிறது. வேலை கொடுங்கள் என்று எழுதுகிறவர்கள் வீட்டை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் ரொம்ப நாளாக இருக்கிறது. ஒவ்வொரு சித்திரையும் கூவாகம் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவுக்கு உங்கள் ஆட்கள் கேமராவோடு வருகிறார்கள். தாலி கட்டுவதைப் படம் எடுக்கிறீர்கள், மறுநாள் தாலி அறுத்து அழுவதை அதைவிடப் பெரிதாகப் போடுகிறீர்கள். அந்த நாட்களில் விழுப்புரத்தில் லாட்ஜ் வாடகை எங்களுக்கு மட்டும் எப்படி ஏறுகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. ஏப்ரல் 15 திருநங்கையர் தினத்துக்கு இரண்டு தடவை என்னையே பட்டுப்புடவை கட்டச் சொல்லிப் படம் எடுத்துப் போட்டீர்கள். அந்தப் படம் வந்த வாரம் நான் வீடு தேடிக்கொண்டிருந்தேன்.

நான் கேட்பது இரண்டுதான். அந்த வரி தவறு என்று அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். உங்கள் கடைசிப் பக்கத்தில் 'வீடு வாடகைக்கு' விளம்பரங்கள் வருகின்றனவே, அதற்கு மேலே 2019 சட்டத்தின் 3-வது பிரிவு வீட்டைப் பற்றிச் சொல்வதைச் சின்னதாகக் கட்டம் கட்டி வாராவாரம் போடுங்கள். ஐந்து வரிக்கு மேல் வராது.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரும் ஏரியாவும் வேண்டாம். கீழ்வீட்டில் ஹவுஸ் ஓனர் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சென்னை