கழுத்துச் சத்திரசிகிச்சையும் நான் பட்ட கடன்களும்

அன்புள்ள உறவுகளே,

மாசி மாதம் எனக்குக் கழுத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. ஆவணியும் பிறந்துவிட்டது. வீடு வீடாக வந்து சொல்ல வேண்டிய நன்றி இன்னும் மிச்சம் கிடக்கிறது. கழுத்து முழுதாக வழிக்கு வரும்வரை அதை வைத்திருக்க மனமில்லை.

முதலில் என் தரம் 4 பிள்ளைகள். “டீச்சர், உங்கட எழுத்து நெளியுது” என்று கரும்பலகையைக் காட்டியது ஒரு சின்ன மகள்தான். அதற்கு முன்பே வலது கைப் பெருவிரல் விறைத்துக் கிடந்தது. சாரிக் கொசுவம் விரலில் நிற்காமல் நழுவியது. படி இறங்கினால் கால் தடுமாறியது. நான் களைப்பு என்று எண்ணி எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். கழுத்தைத் திருகி நெட்டி முறித்தால் சரியாகிவிடும் என்று ஒருவர் முன்வந்தபோது என் தம்பி குறுக்கே நின்று மறித்தான். எம்.ஆர்.ஐ. படத்தில் ஐந்தாம், ஆறாம் கழுத்து எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் என்ற மெத்தை பிதுங்கி, முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டான முண்ணாணை நசித்துக்கொண்டிருந்ததைக் கண்ட பிறகுதான், அவன் எதைத் தடுத்தான் என்று விளங்கியது. தம்பி, அந்த நாளை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு பதறுகிறது.

கொழும்பில் சத்திரசிகிச்சை செய்த டொக்டர் ஆசை வார்த்தை சொல்லவில்லை. “இனிமேல் கெடாமல் நிறுத்துவதுதான் முதல் நோக்கம். போனதில் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது” என்றார். அன்று அழுதேன். ஆனால் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பிறகு வந்த மாதங்களைக் கடந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் வாழைச்சேனை அக்கா. ஒரு வருடத்துக்கு முன் இதே சத்திரசிகிச்சை செய்தவர், வேறு வருத்தத்துக்காக வந்திருந்தார். முதுகெலும்புக்குத் தொண்டைப் பக்கமாக ஏன் வெட்டுகிறார்கள் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். முன்பக்கத்தால் போனால் முண்ணாணைத் தொடாமலே டிஸ்க்கை எடுக்கலாம், சுவாசக் குழாயையும் உணவுக் குழாயையும் மெல்ல ஒதுக்கிவிட்டு வேலை செய்வார்கள், எடுத்த இடத்தில் ஒரு சின்னத் துண்டை வைத்துத் தகடும் திருகாணியும் பூட்டுவார்கள் என்று கையால் காட்டிச் சொன்னார். “முழிச்சதும் தொண்டைக்குள்ள முள்ளுச் சிக்கின மாதிரி இருக்கும்கா, குரல் கரகரக்கும், பயப்படாத. கையில இழுக்கிற நோவு முதல்ல போகும். விறைப்புக் கடைசியாத்தான் போகும், சிலருக்குப் போகாமலும் இருக்கும்.” ஒவ்வொன்றும் அப்படியே நடந்தது.

சத்திரசிகிச்சை முடிந்த அன்றிரவு கடமையிலிருந்த சிங்களத் தாதி, “மூச்சு”, “வீக்கம்”, “தண்ணி” என்ற மூன்று சொற்களைத் தமிழில் கேட்டுத் தன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டார். கழுத்து வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாதாம். விடியும்வரை வந்து வந்து என் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். அந்த மகளின் முகம் எனக்கு மறக்காது.

300 கிலோமீற்றருக்கு மேல் வேனில் படுத்தபடி ஊர் வந்தேன். வேன் காசு என் பாடசாலை ஆசிரியர்கள் சேர்த்தது. கழுத்தில் கொலர்ப் பட்டி ஆறு கிழமை. சோறு இறங்காத நாட்களில் பெத்தா (பாட்டி) குரக்கன் கஞ்சி காய்ச்சித் தந்தா. குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்றதால் மச்சாள் கிணற்றில் தண்ணீர் அள்ளினா, தேங்காய் திருவினா, சித்திரை வருடப் பிறப்புக்கு என் தலையையும் வாரிப் பின்னிவிட்டா. காத்தான்குடி மருந்துக்கடைத் தம்பி, நான் கேட்ட நோக்குளிசையைத் தரவே இல்லை. “எலும்பு பொருந்திற நேரம் இது சரிவராது டீச்சர், டொக்டரிட்டக் கேட்டுட்டு வாங்க” என்றார். கேட்டேன். அந்தக் குளிசை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தலாம், வேண்டாம் என்றார் டொக்டர்.

ஓட்டோக்காரத் தம்பி கொக்கட்டிச்சோலையிலிருந்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு கிளினிக்குக்கும் கொண்டுபோனார், குழி கண்ட இடமெல்லாம் நின்று நின்று. 2014இல் மண்முனைப் பாலம் திறக்குமுன் நாங்கள் ‘பாதை’ என்கிற மிதவையில்தான் ஆற்றைக் கடந்தோம். இந்தக் கழுத்தோடு பாதையில் ஏறி இறங்கியிருந்தால் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன்.

கொலரைக் கழற்றிய அன்று தலை இவ்வளவு பாரமா என்று திகைத்துப்போனேன். பிஸியோ மிஸ் அவசரப்படுத்தவில்லை. இரட்டைக்கோட்டுக் கொப்பி வாங்கச் சொன்னார். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கைபிடித்து எழுதப் பழக்கியவள், ‘அ’வில் தொடங்கி நானே எழுதினேன். மூன்றாம் மாதப் படத்தில் எலும்பு கூடத் தொடங்கியிருந்தது. முழுதாகக் கூட ஒரு வருடமும் ஆகலாமாம். ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் கோயிலுக்குப் போனேன். தீர்த்தமாடும் கூட்டத்துக்குள் இறங்காமல், தள்ளி நின்று கும்பிட்டேன்.

வாழைச்சேனை அக்கா, உங்கள் நம்பரை எழுதிய துண்டு கொழும்பிலேயே தொலைந்துவிட்டது. யாராவது இதை உங்களுக்கு வாசித்துக் காட்டினால் தெரிந்துகொள்ளுங்கள்: நோவு போய்விட்டது, நடை திருந்திவிட்டது, போன கிழமை கரும்பலகையில் ஒரு பாட்டு முழுவதும் எழுதினேன். பெருவிரல் மட்டும் இன்னும் விறைப்புத்தான். நீங்கள் முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

அன்புடன்,
படுவான்கரையிலிருந்து ஓர் ஆசிரியை